இரண்டாம் வகையும் இவ்வாறே

ஏவர்ட் போல்ஹௌஸ் தன் வாழ்நாளில் நாற்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் நாற்பதை மற்ற கணிதக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு முறை மேற்கோள் காட்டினார்கள். மீதி ஒன்றை மட்டும், இந்தக் கதை தொடங்கிய வருடத்துக்குள்ளேயே, ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று முறை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் கணிதத் துறைக்கு இருபத்தாறு வருடமாக அலுவலகச் செயலராக இருப்பவள் நான். யார் எத்தனை எழுதினார்கள், எழுதியதை உலகம் எத்தனை முறை எடுத்துச் சொன்னது என்று பிப்ரவரிதோறும் பட்டியல் போடுவது என் வேலை. எனக்குக் கணிதம் வராது. கணிதக்காரர்களை நன்றாகவே தெரியும்.

அந்த ஒரு கட்டுரைதான் எங்கள் துறையின் மூக்குத்தி. வெளியார் யார் வந்தாலும் துறைத் தலைவர் ரைனவுட் அதைப் பற்றித்தான் முதலில் பேசுவார். ஏவர்ட் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பார். இயல்பிலேயே பயந்த மனிதர். இந்த ஊரில் சைக்கிளுக்குத் தலைக்கவசம் போடுகிற ஒரே பேராசிரியர். அறையைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கியவர், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்ப ஏறுவார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நானே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் துறையில் பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் கேக் கொண்டு வர வேண்டும். மறப்பது கொலைக்கு அடுத்த குற்றம். ஏவர்ட்டுக்கு நவம்பர் மூன்றாம் தேதி. வருடம் தவறாமல் ஒரே கடையிலிருந்து ஒரே ஆப்பிள் கேக். அந்த வருடம் பத்தரை மணிக்கு எல்லோரும் காப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், கேக்கும் இல்லை, ஏவர்ட்டும் இல்லை.

"கேக் வரலைன்னா இந்த வருஷம் மேற்கோள் கெடையாதுன்னு சொல்லிட்டு வா, அலிடா" என்றான் ஒருவன்.

மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். ஏவர்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசை முழுக்க எழுதி அடித்த தாள்கள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கதவைச் சாத்து" என்றார்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு வரி எழுதினேன், அலிடா. ஒரே ஒரு வரி. அது தப்பு."

எனக்குப் புரியும்படி அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கடலைத் தடுத்து நிற்கிற மண்கரைக்கு அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஊறும் என்று கணினியில் கணக்குப் போடுகிறார்கள். நிலத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டிப் போடுகிற கணக்கு அது. விடை ஒருநாளும் முழுக்கச் சரியாக வராது. உண்மையிலிருந்து அதிகபட்சம் இவ்வளவுதான் விலகும், பயப்படாதே என்று உறுதி கொடுப்பதுதான் ஏவர்ட்டின் கட்டுரை. அதில் இரண்டு வகை. நிலம் முழுக்க ஒரே மண்ணாக இருந்தால் முதல் வகை. களிமண்ணும் மணலும் மாறி மாறி அடுக்காக இருந்தால் இரண்டாம் வகை. முதல் வகைக்குப் பதினோரு பக்கம் நிரூபணம் எழுதியிருந்தார். ஆய்விதழ் அவருக்குக் கொடுத்தது பன்னிரண்டு பக்கம். எனவே மற்றதற்கு ஒரு வரி: "இரண்டாம் வகையும் இவ்வாறே நிறுவப்படும், விரிவு தேவையில்லை."

இந்த வரி எழுதாத கணிதக்காரர் கிடையாது. வீடு பெருக்குகிறவள் கட்டிலுக்கு அடியில் விட்டுவிடுவது மாதிரிதான். ஆய்விதழுக்காகப் பரிசோதித்த இரண்டு அறிஞர்களும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். இப்போது யாரோ ஒரு கையேட்டுக்கு முழு நிரூபணமும் கேட்டிருக்கிறார்கள். சரி, எழுதிக் கொடுப்போம் என்று உட்கார்ந்தவருக்கு மூன்றாவது வரியிலேயே இடித்திருக்கிறது.

"சரி பண்ண முடியாதா?" என்றேன்.

"மூணு வாரம் பார்த்தேன். நேத்து ஒரு எதிர்க்கணக்கு கெடச்சுது. நான் சொன்னதைவிட நாலு மடங்கு விலகுது. அந்த வரி பொய்."

"யாராவது அதை நம்பிக் கட்டியிருக்காங்களா?"

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார். அதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் போகும் என்பதல்ல அந்தப் பயம். எங்கேயோ ஒரு கரை, அதன் கீழே மனிதர்கள். கேக்கை நான் போய் வாங்கி வந்து, ஏவர்ட்டுக்குப் பல்வலி என்று கீழே சொல்லிவிட்டேன்.

மறுநாள் ரைனவுட்டிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், குறிப்பெடுக்க என்று பெயர். ரைனவுட் கெட்டவர் அல்ல. ஆனால் மார்ச்சில் ஆறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற மதிப்பீட்டுக் குழு வர இருந்தது. துறை பிழைக்குமா, பக்கத்துத் துறையோடு சேர்த்துவிடுவார்களா என்பது அதன் கையில்.

"நம்ம அறிக்கையோட முதல் பக்கமே உன் கட்டுரைதான், ஏவர்ட். பத்தொன்பது வருஷம் சும்மா கெடந்தது இன்னும் நாலு மாசம் கெடக்கட்டுமே."

"நாலு மாசம்னா குளிர்காலம் முழுசும், ரைனவுட். புயல் வர்ற காலம்."

"இத்தனை வருஷத்துல ஏதாவது உடைஞ்சுதா?"

"உடையாததெல்லாம் சரியான கணக்குன்னு நீ வகுப்புல சொல்லிக் குடுப்பியா?"

ரைனவுட் பேனாவை மூடித் திறந்து மூடினார். "யாரு பயன்படுத்தியிருக்காங்கன்னு முதல்ல பாரு. யாருமே இல்லன்னா அவசரமும் இல்ல" என்றார். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது.

ஆக, ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று கட்டுரைகளையும் திறந்து பார்ப்பது என்று ஆயிற்று. பட்டியல் என்னிடம் இருந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்து, ஏவர்ட்டின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்துக் கொடுப்பேன். பெயர் உள்ளே நடுவில் வந்தால் அவர் படிப்பார். முதல் பத்தியில் பத்துப் பெயர்களோடு கூட்டத்தில் கோவிந்தா என்று வந்தால் ஓரமாக வைத்துவிடுவோம்.

ஓரமாக வைத்த குவியல்தான் மலை போல வளர்ந்தது. 2004இல் யாரோ ஒருவர் பக்க எண்ணைத் தப்பாகக் குறித்திருக்கிறார். அதே தப்பு எண் அடுத்து முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகளில் இருந்தது. ஒருவரும் மூலத்தைத் திறக்கவில்லை. ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஏவர்ட்டை "அம்மையார்" என்று எழுதியிருந்தார்கள்.

"இவ்வளவு பேரும் படிக்காமயா?" என்றேன். எனக்கு அவருக்காகக் கோபம் வந்தது.

"இப்போதைக்கு அதுதான் எனக்கு ஆறுதல்" என்றார்.

மூன்று வாரம் ஓடிற்று. அவர் இளைத்துப்போனார். பன்னிரண்டு மணி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பெட்டியிலேயே காய்ந்து திரும்பிப் போயின. கடைசியில் உண்மையிலேயே படித்துப் பயன்படுத்தியவர்கள் பதினான்கு பேர் என்று தேறியது. பதின்மூன்று பேரும் முதல் வகை. பதினான்காவது எங்கள் மாகாணத்து நீர்வாரியத்தின் அறிக்கை. வடக்கே வோல்மர்ஸில் என்ற சிற்றூரில் ஏழு வருடத்துக்கு முன் கடலைத் தடுக்கிற மண்கரையை உயர்த்திக் கட்டியபோது போட்ட கணக்கு. மேலே களிமண், நடுவில் மக்கிய கரிமண், அடியில் மணல். இரண்டாம் வகை. முந்நூற்று நாற்பது வீடுகள்.

ஏவர்ட் அந்தத் தாளை மேசையில் வைத்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றே நீர்வாரியத்துக்குப் போனோம். சீட்ஸ்கெ என்ற பொறியாளர், சேற்றுப் பூட்ஸோடு உட்கார்ந்து கேட்டாள். வழக்கமாக இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் எண்ணெய் தடவ மாட்டார்கள். அவள் ஒருபடி மேல்.

"அதாவது, நீங்க போட்டுப் பார்க்காமலே எழுதிட்டீங்க."

"ஆமா."

"நாங்க பார்க்காமலே நம்பிட்டோம்."

"ஆமா."

"நல்ல சேர்க்கை. திரும்பக் கணக்குப் போட மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க. ஊர்ல பீதி கெளம்பினா யாருக்கும் நல்லதில்ல."

"மூணு வாரத்துக்குள்ள புயல் வந்தா?"

"வந்தா ஆள் போட்டுப் பார்ப்போம்" என்றாள். முகத்தில் அவ்வளவு தைரியம் தெரியவில்லை.

இரண்டாம் வாரமே வந்துவிட்டது. வடமேற்குக் காற்று. மதியம் ஒரு மணிக்குப் பல்கலைக்கழகம் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னது. நான் கணினியை அணைக்கும்போது ஏவர்ட் தலைக்கவசத்தோடு வந்து நின்றார்.

"வோல்மர்ஸிலுக்குப் போறேன்."

"சைக்கிள்லயா? கடலுக்குள்ள பறந்து போயிடுவே. போய்த்தான் என்ன பண்ணப்போறே, கரைக்கு முதுகு குடுத்து நிப்பியா?"

"வீட்ல உட்கார முடியல, அலிடா. கண்ணை மூடினா அந்த ஊர் தெரியுது."

என் காரை எடுத்தேன். வேறு என்ன செய்ய? வழியெல்லாம் கார் பக்கவாட்டில் தள்ளியது. வோல்மர்ஸிலில் கரைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, அதை ஒட்டி ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீடுகள். கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் தலைக்கு மேலே கேட்டது. தலைக்கு மேலே என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தண்ணீர் நாங்கள் நின்ற இடத்தைவிட உயரத்தில் இருந்தது.

தூரத்தில் நீர்வாரியத்து ஆட்கள் இருவர் கரையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். ஏவர்ட் வாய்க்காலோரமாகக் குனிந்தபடியே நடந்தார். அடியில் ஊறுகிற தண்ணீர் வாய்க்காலில் குமிழியாக வரும். தெளிந்த தண்ணீர் வந்தால் பிழைத்தோம். மணலோடு வந்தால் கரை அடியில் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், பிறகு மணிக்கணக்குத்தான்.

ஆட்டுக் கொட்டகையை மூட வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டாள். அவள் வீட்டு முற்றத்தில் மூன்று குட்டிச் சைக்கிள்கள் காற்றில் விழுந்து கிடந்தன.

"இந்தக் காத்துல என்னத்தத் தேடுறீங்க?"

ஏவர்ட்டுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "சாவி" என்றேன் நான்.

"அடப்பாவமே" என்று அவளும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள். இல்லாத சாவியை அந்தப் பெண் எங்களுக்காக மழையில் தேடினாள். ஓடு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்போதே ஓடு என்று சொல்லிவிடலாமா? ஒன்றும் ஆகாவிட்டால் பைத்தியக்காரி என்பார்கள். ஆகிவிட்டால்? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றுவரை எனக்கு என்மேல் மதிப்பில்லை.

அப்போது ஏவர்ட் முட்டிபோட்டு விழுந்தார். வாய்க்காலின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குக் குமிழி கொப்பளித்துக்கொண்டிருந்தது. சட்டைக் கையோடு உள்ளே விட்டு அள்ளினார். விரலோடு விரலைத் தேய்த்தார். மறுபடி அள்ளினார், மறுபடி தேய்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் தேய்த்துப் பார்த்தேன். மணல் இல்லை. வெறும் தண்ணீர்.

"கெடச்சுதா?" என்றாள் அந்தப் பெண்.

"கெடச்சிடுச்சு" என்றேன்.

இருட்டும் வரை அந்தக் குமிழியின் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு கடல் வடிந்தது.

சீட்ஸ்கெயின் விடை அடுத்த வாரம் வந்தது. கரை நிற்கும். வரைபடத்தில் இருந்தபடி கட்டியிருந்தால் அந்தப் புயலுக்கே சந்தேகம்தானாம். ஒப்பந்தக்காரரிடம் வேறொரு வேலையில் மிஞ்சிய களிமண் இருந்திருக்கிறது. திரும்ப ஏற்றிப் போகச் சோம்பல்பட்டு அங்கேயே கரையின் அடியில் கொட்டிச் சரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மீட்டர் கூடுதல் அகலம்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றேன்.

"ஒரு சோம்பேறிதான் காப்பாத்தியிருக்கான். என் கணக்கு இல்ல, உங்க கட்டுரையும் இல்ல" என்றாள் சீட்ஸ்கெ. ஏவர்ட் சிரிக்கவில்லை.

ஜனவரியில் யாரையும் கேட்காமல் ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினார். அரைப் பக்கம். "இரண்டாம் வகை குறித்த கூற்று தவறு, எதிர்க்கணக்கு கீழே." ரைனவுட் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மார்ச்சில் குழு வந்தது. திருத்தத்தை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். துறை பிழைத்தது.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த பிப்ரவரியில் பட்டியல் போடும்போதுதான் பார்த்தேன்: அந்தக் கட்டுரைக்குப் புதிதாக நூற்று முப்பத்தாறு மேற்கோள்கள். திருத்தத்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று ஏவர்ட் தானே காட்டியது.

"அதை நிறுத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"எதை வச்சு நிறுத்தறது? அது பாட்டுக்கு நடந்து போயிட்டு இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், புதிதாக மேற்கோள் காட்டியவர்களின் பெயர்கள் மின்னஞ்சலில் வந்தவுடன், ஏவர்ட் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். "மதிப்பிற்குரியீர், நீங்கள் பயன்படுத்தியது இரண்டாம் வகையாக இருந்தால் தயவுசெய்து உடனே தெரிவியுங்கள்." பத்துக்கு ஒருவர் பதில் போட்டார்கள். நன்றி, நாங்கள் சும்மா குறிப்பிட்டோம் என்பார்கள். பதில் போடாத ஒன்பது பேரை நினைத்துத்தான் அவர் தூங்காமல் கிடந்தார். ஓய்வு பெற்றபின்னும் திங்கட்கிழமைகளில் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். மேற்கோள் ஏறினால் மற்றவர்கள் காப்பிக்குக் கேக் வாங்குவார்கள். இவர் ஒவ்வொரு எண்ணாக ஏற ஏறச் சுருங்கிப்போனார்.

போன ஜூன் மாதம் இறந்துபோனார். இதயம். இரங்கல் கூட்டத்தில் ரைனவுட் நன்றாகப் பேசினார். ஆயிரத்து எழுநூறு மேற்கோள் என்று எண்ணைக்கூடச் சரியாகச் சொன்னார்.

திங்கட்கிழமைப் பெயர்கள் மட்டும் நிற்கவில்லை. துறையின் முகவரிக்குத்தான் வரும். முதல் திங்கள் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டாவது திங்கள் முடியவில்லை. அவர் எழுதி வைத்த கடிதத்தையே எடுத்து, அவர் பெயரிலேயே அனுப்பினேன். செயலர் அலிடா என்று போட்டால் யார் மதிக்கப் போகிறார்கள்? இருபது வாரம் அனுப்பினேன். வந்த பதிலெல்லாம் பழைய பதில்தான். எனக்கும் தூக்கம் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வேறு மாதிரி ஒரு பதில் வந்தது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். இங்கிருந்து வெகு தூரம்.

"அன்புள்ள பேராசிரியர் போல்ஹௌஸ், உங்கள் கடிதத்துக்கு நன்றி. எங்கள் அணை இரண்டாம் வகை. அக்டோபரிலிருந்து முழுக் கொள்ளளவுக்கு நீர் நிரப்பியிருக்கிறோம். அடிவாரத்து ஊற்றில் நேற்றிலிருந்து நீர் கலங்கி நிறம் மாறியிருக்கிறது. திருத்தத்தைப் படித்தோம்; எங்கள் கணக்குக்கு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை. இன்று தொலைபேசியில் பேச முடியுமா? எண் கீழே. காத்திருக்கிறோம்."

இரண்டு முறை படித்தேன். முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன்: ஊரைக் காலி பண்ணுங்கள், தண்ணீரைத் திறந்துவிடுங்கள், கணக்குக்குக் காத்திருக்காதீர்கள் என்று எழுதி, என் சொந்தப் பெயரைப் போட்டு அனுப்பினேன். பெயருக்குக் கீழே செயலர் என்று எழுதினேன். ஒரு செயலர் சொல்லி யார் அணையைத் திறப்பார்கள்?

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். ரைனவுட்டும் அதே கணக்குத்தான் செய்கிறவர். அவருடைய கட்டுரைகளில் ஒன்பதில் ஏவர்ட்டின் கட்டுரை மேற்கோளாக இருக்கிறது; பட்டியல் போட்டவள் நான். தட்டாமல் உள்ளே போய்க் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"கூப்பிடுங்க. இந்த எண்தான். அங்க ஆளுங்க காத்திருக்காங்க. ஏவர்ட்டோட கட்டுரையை வச்சு அவங்களுக்குச் சொல்லுங்க."

ரைனவுட் தொலைபேசியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"அலிடா" என்றார், "அதை நான் படிச்சதே இல்ல."